காலி இடம் என்று நீ எழுதிய வீடு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். கேட்ட கையோடு வைத்துவிட்டாய். "பெத்த பையன ஆபீஸ்ல வெச்சுக் காட்டிக் குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்றாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. உன் அப்பா கூப்பிட்டால் எடுத்து, "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறாய். சரி. காதில் விழவில்லையென்றால் கண்ணிலாவது படட்டும் என்று எழுதுகிறேன். கோபம் ஆறட்டும், ஒரு வாரம் கழித்து எழுது என்று உன் அப்பா சொன்னார். ஆறிய பிறகு எழுதினால் அது உனக்குச் சாதகமாகப் போய்விடும். ஆறாமலேதான் எழுதுகிறேன்.

போன வருஷம் கோடைக்கு முன்னால் நீ கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அந்தச் சனிக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அந்த வரைபடத்தை விரித்தாய். காற்றில் சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் நான்கு டம்ளர் வைத்தாய். நம் வரிசை வீடுகளுக்கு மேலே, தேயிலை பிடுங்கிப் போட்ட அந்தச் சரிவை வாங்கிய சமவெளிக்காரருக்கு நீதான் பிளான் போடுகிறாய் என்று தெரிந்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் ஊரிலேயே நம் பையன் கட்டடம் வரப்போகிறது என்று நினைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து பார்த்தேன். சாலை இருந்தது. படிக்கட்டுப் பாதை இருந்தது. நம் வீடு ஒரு சின்னக் கட்டமாக மூலையில் இருந்தது. நம் வீட்டுக்கு அடுத்து, அந்தச் சரிவுக்கு நேர் கீழே, பாக்கியம் பெரியம்மா வீடு இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் எதுவும் இல்லை. 'காலி இடம்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் சரிவிலிருந்து இறங்குகிற ஓடை, நீ காகிதக் கப்பல் விட்ட ஓடை, அது 'நடைபாதை' ஆகியிருந்தது.

"ஏந் தம்பி, பாக்கியம் பெரியம்மா ஊடு எங்கடா?" என்று கேட்டேன். மறந்துபோய் விட்டுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். நீ டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னாய்: "அதக் காட்டுனா பிளான் பாஸ் ஆவாதும்மா. கீழ ஊடு இருக்குதுன்னா அவ்ளோ தூரம் தள்ளித்தான் மண்ணு வெட்டோணும்பாங்க. ஓடை இருக்குதுன்னா இன்னும் தள்ளச் சொல்லுவாங்க. அப்புறம் கட்டறதுக்கு எடமே மிஞ்சாது."

"எடம் மிஞ்சலீன்னா அங்க கட்டக் கூடாதுன்னு அர்த்தம்டா," என்றேன். நீ சிரித்தாய். நான் விடவில்லை. அன்று மாலை நீ பஸ் ஏறும்வரை அதையேதான் பேசினேன். கடைசியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சரிம்மா, மாத்திடறேன். போதுமா?" என்றாய். என் தலையில் கை வைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் சொன்னாய். உன் அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், அவரும் கேட்டார்.

அந்த வீட்டை நீ எப்படி அழித்தாய் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தெரியாத ஊரில், முகம் தெரியாதவர்களின் வீட்டை அழித்திருந்தாலும் குற்றம் குற்றம்தான். ஆனால் இது நீ வளர்ந்த வீடு. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். உன் அப்பா ஃபேக்டரியில். உன்னை எங்கே விட்டுவிட்டுப் போனேன்? சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு, புருஷன் போன பிறகு மகளை இழுத்துக்கொண்டு இங்கே வந்து, ஒவ்வொரு கல்லாகச் சேர்த்து ஒரு வீட்டைக் கட்டினாள் பாக்கியம். அந்த வீட்டின் அடுப்படியில்தான் நீ தவழ்ந்தாய். உனக்கு மணல்வாரி அம்மை வந்தபோது நான் லீவு கேட்டுக் கிடைக்காமல் அழுதுகொண்டு போனேன். அவள்தான் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இலங்கையில் பிறந்தவள், இன்னும் அந்தப் பேச்சு போகவில்லை. "நீ போ தங்கச்சி, புள்ளைய நா பாத்துக்கிறேன், யோசிக்காத," என்று அனுப்பிவைப்பாள்.

அது மட்டுமா? காலேஜில் முதல் வருஷம் உனக்கு ஒரு வீட்டை அளந்து வரைந்து வரச் சொன்னார்கள். நம் வீடு வாடகை வீடாக இருந்து பிறகு வாங்கியது, கோணல்மாணலாக இருக்கிறது என்று சொல்லி, நீ அளந்தது பாக்கியம் வீட்டைத்தான். டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நீ பிடித்தாய். அடுப்படிச் சுவரில் உன் பென்சில் குறிகள் ரொம்ப நாள் இருந்தன. வெள்ளையடிக்க வந்தவனிடம், "அத விட்டுட்டு அடி, தம்பி படிக்கப் போட்டது," என்று அவள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். நீ முதன்முதலாக வரைந்த வீடு அது. அதே கையால் அழித்திருக்கிறாய்.

எனக்கு இந்த விதிகளெல்லாம் எங்கே தெரியும், நான் ஊசி போட்டுக் கட்டுக் கட்டிப் பிழைத்தவள். நீ சொல்லிக்கொடுத்ததுதான். லீவுக்கு வரும்போதெல்லாம் ஓயாமல் பேசுவாய். மலையில் ஒரு மனைக்கு வரைபடம் போடும்போது சரிவு எவ்வளவு, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, பக்கத்தில் யார் வீடு, கீழே யார் வீடு, வெட்டிய மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, தடுப்புச் சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியே வர எங்கே ஓட்டை விடுவது, இத்தனையும் காட்ட வேண்டும் என்பாய். "சைட் பிளான்னா ஊட்டப் பத்துனது இல்லம்மா, ஊட்டச் சுத்தி இருக்கறதப் பத்துனது," என்று சொன்னாய். அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது, ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். எஸ்டேட்டில் ஒரு மழைக்காலத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகள் மேல் மண் சரிந்து, தோண்டி எடுத்தவர்களை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார்களே, அன்று நான் கழுவிய முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. வாய் நிறைய மண். நம் பையன் படித்துவிட்டு வந்து இதையெல்லாம் தடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

பனிக்காலம் முடிந்ததும் பொக்லைன் எந்திரம் வந்தது. நம் சமையலறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்றே உன்னைக் கூப்பிட்டேன். "பிளான மாத்துனியாடா?" என்றேன். "எல்லாம் சரியாத்தாம்மா இருக்குது, ஆபீஸ்ல பாஸ் பண்ணீட்டாங்க," என்றாய். மாற்றினாயா என்று நான் கேட்டேன், பாஸ் ஆகிவிட்டது என்று நீ சொன்னாய். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. உனக்கு உறைத்துத்தான் இருந்தது. வார்த்தையைப் பார்த்துப் பார்த்துப் பேசியிருக்கிறாய். அம்மாவிடம் பேசும்போதுகூட.

சரிவை நெட்டுக்குத்தாக வெட்டினார்கள். வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளினார்கள். அதுதான் உன் வரைபடத்தில் ஓடையே இல்லையே, நடைபாதைதானே. ஒரு தடுப்புச் சுவரும் எழுப்பினார்கள். பார்க்க அழகாக இருந்தது, கல் வைத்துப் பூசி. பாக்கியம் ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னா ஒசரம் தங்கச்சி, சூரியனே மறஞ்சி போச்சி," என்றாள். இந்தச் சுவரைப் போட்டவன் யார் என்று அவளுக்குத் தெரியும். தம்பி போட்டது, தப்பாக இருக்காது என்று அவள் பேசாமல் இருந்தாள். மேஸ்திரியிடம் போய்ச் சண்டை போட இருந்த பக்கத்து வீட்டுக்காரர்களையும் அவள்தான் அடக்கினாள். உன் பேரைச் சொல்லி அடக்கினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட இரண்டாம் வாரம். மத்தியானம் சாப்பாட்டு நேரம். நான் நம் வீட்டில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். இடி மாதிரி இல்லை, லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே ஓடிப் பார்த்தால், சுவர் நடுவில் பிளந்து, கல்லும் சேறும் பாக்கியம் வீட்டின் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தது. ஓடையின் தண்ணீர் போக வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் தேங்கித் தேங்கி, கடைசியில் சுவரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த அவள் மகள் செல்வி முன்வாசலில் நின்று அம்மா அம்மா என்று கத்துகிறாள். நிறைமாதக்காரி, உள்ளே ஓடப் பார்க்கிறாள். அவளை இழுத்து உன் அப்பாவிடம் தள்ளிவிட்டு நான் உள்ளே போனேன்.

பாக்கியம் அடுப்பு முன்னால் சேற்றில் கிடந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே கல்லுக்கு அடியில். சோற்றுப் பானை கவிழ்ந்து, வெந்த சோறு சேற்றில் வெள்ளையாகக் கிடந்தது. அவள் கத்தவில்லை. "தங்கச்சி, கால எடுக்க ஏலாது," என்று மெதுவாகச் சொன்னாள். பையன்கள் கடப்பாரை கொண்டுவந்து கல்லைத் தூக்க, நான் காலை இழுத்தேன். எலும்பு வெளியே தெரிந்தது. கேரட் பெட்டிப் பலகையை உடைத்து, என் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டேன். நம் படிக்கட்டில் ஆம்புலன்ஸ் ஏறாதே, கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மழையில் வழுக்கி வழுக்கி. ஒவ்வொரு படியிலும் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆனபிறகும் நான் போட்ட கட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவிழவில்லை.

உனக்குச் சொல்லிவிட்டது உன் அப்பாதான். நீ கூப்பிட்டாய். என் காதில் விழட்டும் என்று அவர் ஸ்பீக்கரில் போட்டார். நீ முதலில் என்ன கேட்டாய் என்று நினைவிருக்கிறதா? "செவுத்துல தண்ணி போற ஓட்டை விட்டிருந்தாங்களா, பாத்தீங்களாப்பா? நான் பிளான்ல காட்டியிருந்தேன்," என்றாய். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவில்லை. எந்தக் கால் என்று கேட்கவில்லை. உன் பக்கம் தப்பில்லை என்று காட்டுவதற்கு ஓர் ஓட்டை இருக்கிறதா என்று தேடினாய். நான் எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூட நான் உன்னிடம் தனியாகத்தான் சண்டை போட்டிருப்பேன். பாக்கியம் ஆஸ்பத்திரியில் காலில் கம்பி போட்டுப் படுத்திருக்கும்போது, நகராட்சியிலிருந்து ஆள் வந்து அவள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். ஆபத்தான நிலையில் உள்ள அனுமதியற்ற கட்டடம், கொடுத்த கெடுவுக்குள் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இடிக்கப்படும். மேலே வெட்டியவருக்கு இல்லை. சுவர் எழுப்பியவருக்கு இல்லை. கால் உடைந்தவளுக்கு. செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் படித்தாள். "ஏனுங்கத்தை, எங்க ஊடு எப்பத்துல இருந்துங்க அனுமதி இல்லாத ஊடு?" என்று என்னைக் கேட்டாள். நான் என்ன சொல்ல? உன் தம்பி அதை அழித்த நாளிலிருந்து என்றா சொல்வது? உன்னைத் தம்பி என்றுதான் இன்றுவரை அவள் கூப்பிடுகிறாள்.

திங்கட்கிழமை நகராட்சியில் குறை கேட்கும் நாள். செல்வியைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். உன் அப்பா வாசலில் மறித்தார். "நீ போயிப் பேசுனா பையனோட லைசென்ஸ் போயிரும். பொழப்பு போயிரும். கல்யாணம் வெச்சிருக்குது. கொஞ்சம் யோசிச்சுப் பாரு," என்றார். "அவ காலு போச்சுங்க. ஊடும் போவப் போவுது. நான் யாரப் பத்தி யோசிக்கோணும்?" என்றேன். அவர் ஒதுங்கி வழி விட்டார். கூட வரவில்லை. உன்னைப் பற்றி நினைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டதாகப் பிறகு சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவரால் முடிந்தது அவ்வளவு.

ஆபீஸில் கூட்டம். எங்கள் முறை வந்தபோது ஆணையர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு நகரமைப்பு அலுவலரைப் பார்த்தார். அந்த அம்மாள் பைலைப் பிரித்து, உன் வரைபடத்தை விரித்தார். அதே வரைபடம். காலி இடம். நடைபாதை. ஒரு கோடு மாறவில்லை. கீழே உன் கையெழுத்து, உன் ரப்பர் ஸ்டாம்பு.

"அப்ரூவல் ஆன பிளான்ல கீழ வீடே இல்லீங்களேம்மா," என்றார் அவர்.

செல்வி ரசீதுகளை நீட்டினாள். "வருசா வருசம் ஊட்டு வரி நீங்கதானுங்க வாங்கறீங்க?"

ஆணையர் அதை வாங்கிப் பார்த்தார். பைலைப் பார்த்தார். "இதுல கதவு நம்பர்தான் இருக்கு, இடம் எதுன்னு இல்ல. அப்ப எஞ்சினியர் தப்பா போட்டிருக்காரா? இல்ல, இவங்க பிளானுக்கு அப்புறம் கட்டுனாங்களா? நாங்க எப்படிம்மா முடிவு பண்றது?" என்றார். அந்த இடம்தான், தம்பி. அந்த ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், விசாரிக்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதற்குள் நோட்டீசுக்குக் கொடுத்த நாள் முடிந்து வீட்டை இடித்திருப்பார்கள்.

"அந்த எஞ்சினியர் எம் பையனுங்க," என்றேன். "அந்த ஊட்லதானுங்க வளந்தான். அங்க ஊடு இருக்குதுன்னு அவனுக்குத் தெரியும். காட்டுனா பாஸ் ஆவாதுன்னு எங்கிட்டயே சொன்னான். நான் மாத்தச் சொன்னேன். மாத்தறேன்னான். மாத்துலீங்க."

நகரமைப்பு அலுவலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்றது என்னன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களாம்மா?" என்றார் ஆணையர். "புரிஞ்சுதானுங்க சொல்றேன். எழுதிக்கங்க. இன்னொண்ணும் எழுதிக்கங்க. பாஸ் பண்றதுக்கு முன்னாடி உங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தராச்சும் அந்தப் படி ஏறி வந்து பாத்திருந்தா, எம் பையன் போட்ட பொய் அன்னிக்கே தெரிஞ்சிருக்குமுங்க. ஏனுங்க ஒருத்தரும் வர்ல?" என்றேன். பின்னால் நின்ற யாரோ "அப்பிடிக் கேளுங்கக்கா" என்றார்கள்.

இதுதான் நான் உன்னைக் காட்டிக்கொடுத்த கதை. ஒளிந்திருந்தவனைத்தான் காட்டிக்கொடுக்க முடியும். நீ ஒளியவில்லை, கையெழுத்துப் போட்டிருந்தாய். ஒளித்து வைத்தது பாக்கியத்தின் வீட்டை. நான் அதைத்தான் காட்டினேன்.

நீ சொன்ன சமாதானங்களையெல்லாம் உன் அப்பா ஒவ்வொன்றாக என்னிடம் ஒப்பித்தார். எல்லா எஞ்சினியரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றாயாம். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எல்லோரும் ஒரே ஊசியைக் கொதிக்க வைக்காமல் போட்டிருந்தால், நானும் போட்டிருக்க வேண்டுமா? நீ போடாவிட்டால் வேறொருவன் போட்டிருப்பான் என்றாயாம். போட்டிருக்கட்டும், அப்போது நான் வேறொருத்தியின் மகனைப் பற்றிப் பேசியிருப்பேன். வரைந்தபடி கட்டவில்லை, அது கட்டியவன் தப்பு என்றாயாம். சரிதான், மேலே வாங்கியவர் ஓட்டை விடவில்லை, அவரை நான் சும்மா விடப்போவதில்லை. ஆனால் ஓடையில் மண் கொட்ட அவருக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அங்கே ஓடையே இல்லை என்று படித்தவன் ஒருவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் வந்தது. இந்த மலையில் ஆளாளுக்கு விதியைத் திட்டுகிறார்கள். உயரம் கட்ட விடமாட்டேன் என்கிறார்கள், சரிவில் கட்ட விடமாட்டேன் என்கிறார்கள், நம் ஊரை வளரவிடமாட்டேன் என்கிறார்கள் என்று. நீயும் திட்ட ஆரம்பித்துவிட்டாய். அந்த விதி யாரோ மேஜையில் உட்கார்ந்து பொழுது போகாமல் எழுதியது இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எங்கேயோ ஒரு வீடு புதைந்திருக்கிறது. அதை நீ காகிதம் என்று நினைத்தாய்.

உன் சித்தப்பா போன் செய்து, "அண்ணி, அவன் இப்படி ஆனதுக்கு நம்ம வளர்ப்புலயும் எங்கியோ கொற இருக்குமுங்க," என்றார். பெரிய மனசுடன் சொல்வதாக நினைப்பு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் எந்தப் பையன் எதைச் செய்தாலும் அம்மாவின் தலையில் கொஞ்சம் வைத்து அவன் சுமையைக் குறைப்பார்கள். உன் சுமையில் ஒரு கைப்பிடிகூட நான் வாங்கிக்கொள்ளமாட்டேன். உனக்குச் சோறு போட்டோம், படிக்க வைத்தோம், பொய் சொன்னபோது அடித்தோம், உண்மையைச் சொன்னபோது கட்டிக்கொண்டோம். மேஜையில் அந்த வரைபடத்தைப் பார்த்த அன்றே வேண்டாம் என்றேன். முழுக்க நீ செய்தது. அதை முழுக்க நீயே வைத்துக்கொள். அப்போதுதான் நீ ஒரு ஆள்.

இன்னொன்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. நீ கட்டிக்கப்போகிற அனிதா என்னைக் கூப்பிட்டாள். பெண் வீட்டில் என்ன சொல்வேன் என்று உன் அப்பாவிடம் கேட்டாயாமே? அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகத்தான் கூப்பிட்டாள். "அத்தை, அந்த வீடு அங்க இருக்குன்னு அவருக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னாரு. தெரிஞ்சேதான் காலி இடம்னு போட்டீங்களான்னு கேட்டேன். போன வெச்சிட்டாருங்க," என்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. எனக்கு அந்தக் குரலைக் கேட்டுத்தான் பயமாக இருந்தது. "நான் அவருக்காக உங்ககிட்ட வந்து பேசோணுமாம். என்ன பேசறதுங்கத்தை?" என்றாள். "ஒண்ணும் பேசாத கண்ணு, அவன் பேசட்டும்," என்றேன். கேள்வி கேட்டால் போனை வைப்பது உனக்குப் பழக்கமாகிவிட்டது. என்னிடம் வைக்கலாம், நான் கிழவி, பொறுத்துக்கொண்டு கடிதம் எழுதுவேன். அவள் எழுதமாட்டாள்.

போன வியாழக்கிழமை ஆய்வுக்கு வந்தார்கள். ஆணையர், நகரமைப்பு அலுவலர், மண்ணைப் பார்ப்பதற்கென்று ஒருவர். மழை விட்டிருந்தது, ஆனால் படியெல்லாம் சேறு. ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கியது அவர்களுக்கு. பாக்கியம் வீட்டின் முன்கதவு வழியாக உள்ளே போய், பின்னால் சுவரே இல்லாத அடுப்படியில் நின்று, அப்படியே மேலே பார்த்தார்கள். பிளந்த தடுப்புச் சுவருக்கு நடுவே ஓடை தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. மண் பார்க்க வந்தவர் நகரமைப்பு அலுவலரைப் பார்த்தார். அந்த அம்மாள் வரைபடத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே மேலே வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு ஒட்டினார்கள். பாக்கியம் வீட்டுக் கதவில் ஒட்டிய நோட்டீசை ரத்து செய்து எழுதிக் கொடுத்தார்கள், செல்வி அதை வாங்கிக்கொண்டாள். பின்பக்கம் சரிந்த மண்ணை எடுத்து ஓடையைத் திறந்துவிடும் செலவு மேலே வாங்கியவர் தலையில். அவர் வக்கீலை வைத்திருக்கிறார் என்று கேள்வி. இழுக்கும். இழுக்கட்டும்.

உன் விஷயம் தனி. பதிவை ரத்து செய்வதா, நிறுத்தி வைப்பதா என்று விசாரணை நடக்கும், உனக்குக் கடிதம் வந்திருக்கும். என்னையும் கூப்பிடுவார்கள் என்றார்கள். கூப்பிட்டால் போவேன். அன்று சொன்னதையே சொல்வேன், ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன். அம்மா பேசினால் விட்டுவிடுவார்கள், என்னைக் கேட்டுப் பாருங்கள் என்று வேறு உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். வெட்கமாக இல்லையா உனக்கு? நீயே போய், ஆமாம், தெரிந்துதான் போட்டேன் என்று சொல். அதன் பிறகு லைசென்ஸ் போனால் போகட்டும். நீ படித்த படிப்பை யாரும் பிடுங்கமாட்டார்கள். யாரிடமாவது சம்பளத்துக்கு வேலை பார். உன் அப்பா அப்படித்தான் பார்த்தார், நான் அப்படித்தான் பார்த்தேன், நாங்கள் ஒன்றும் செத்துப்போய்விடவில்லை.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சேரம்பாடியில் அவள் புருஷன் வீட்டில் இருக்கிறாள், அம்மா வீட்டில் அடுப்படி இல்லை என்பதால். பாக்கியம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம், பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. நான் இரண்டு வேளை கட்டுப் பிரித்துக் கட்டுகிறேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறாள், அதற்கு மேல் படி இறங்க முடியாது. பேத்தியை இன்னும் பார்க்கவில்லை.

நடந்ததையெல்லாம் நான் அவளிடம் சொன்னேன். ஆபீஸில் நான் பேசியதற்கு முன்னால், நீ மேஜையில் விரித்ததிலிருந்து. மறைக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பெரிய மனசு பண்ணி உன்னை மன்னித்துவிடுவாள் என்று நீ நினைத்தால், அது இல்லை. கண்ணைத் திறந்து, "தெரிஞ்சா போட்டான்?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் கட்டு மாற்றப் போனபோது சொன்னாள்.

"ஒன் மகன் வந்தா மொதல்ல ஒன் வீட்டுக்குள்ள விடாத தங்கச்சி. இங்கிட்டு அனுப்பு. எனக்கு அவனோட கதைக்கணும்."

நான் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா